இறைவாக்கு விசாவைப் பற்றியதல்ல

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தின் காணொளியை இதுவரை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும். டிசம்பருக்குள் விசா வரும், இது இறைவாக்கு என்று மேடையில் நின்றவர் சொன்னதையும், பந்தலே எழுந்து கைதட்டியதையும் பார்த்தாயிற்று. அதைக் கேள்வி கேட்டதற்கு எனக்கு வந்த மறுப்புகளையும் படித்தாயிற்று. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இறைவாக்கு மீட்பைப் பற்றியது. விசாவைப் பற்றியதல்ல.

விவிலியத்தில் எசாயா 53-ஐ எடுத்துப் படியுங்கள். நம் குற்றங்களுக்காகக் காயப்பட்டு, வாய் திறவாமல் ஆட்டுக்குட்டியைப் போல நின்ற ஊழியன். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் எத்தியோப்பிய அதிகாரி தேரில் அமர்ந்து வாசித்ததும் அந்தப் பகுதியைத்தான். இது யாரைக் குறித்தது என்று கேட்டார்; நற்செய்தி அறிவிக்க வந்த பிலிப்பு இயேசுவை அறிவித்தார். பதவியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் பேசவில்லை. திருமுழுக்குப் பெற்று மகிழ்ச்சியோடு போனார். கத்தோலிக்கராகிய நாம் மீட்பு என்றாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நண்பர்கள் இரட்சிப்பு என்றாலும் பொருள் இதுதான்.

யூதர்கள் அந்த ஊழியனை இஸ்ரயேல் மக்களாக வாசிக்கிறார்களே என்றார் ஒருவர். வாசிக்கட்டும், அது அவர்களுடைய மறைநூலும்தான். நான் கிறிஸ்தவனாகப் பேசுகிறேன்.

"இறைவாக்கைப் புறக்கணிக்கக் கூடாது என்று பவுல் எழுதவில்லையா?" எழுதினார், 1 தெசலோனிக்கர் 5:20. அடுத்த வசனத்தையும் படியுங்கள்: அனைத்தையும் ஆராய்ந்து பார்க்கச் சொல்கிறார். ஆராய்கிறவனை விசுவாசம் கெட்டவன் என்று எழுதுகிறீர்களே, அதுதான் வலிக்கிறது.

"ஜனங்களுக்கு ஆறுதல் வேண்டாமா?" இந்தக் கேள்வியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். சித்தப்பா ஆழ்கடலில் இருந்தார். வீட்டுக்கு வந்த ஒரு ஜெபக்காரர், சித்தியின் தலையில் கைவைத்து, மூன்றாம் நாள் திரும்புவார் என்றார். மூன்று இரவும் சித்தி கரையிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு ஓடிவந்து சோறு வடித்து, குழம்பு வைத்து மூடிவிட்டு மறுபடியும் கரைக்குப் போனார். சித்தப்பா வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சித்திக்கு விசுவாசம் போதாது என்று சொல்லியனுப்பினார் அந்த ஜெபக்காரர்.

பிறகு நடந்த நினைவுத் திருப்பலியில் எசாயா 25 வாசிக்கப்பட்டது: ஆண்டவர் சாவை என்றுமே ஒழித்துவிடுவார், எல்லா முகங்களிலிருந்தும் கண்ணீரைத் துடைப்பார். அதில் தேதி இல்லை. சித்தி அதைத்தான் பற்றிக்கொண்டார், இன்றும் அதே பக்கத்தில்தான் அவருடைய ஜெபமாலை இருக்கிறது. அந்த ஆறுதலையா நான் வேண்டாம் என்கிறேன்?

வெள்ளிக்கிழமை கைதட்டியவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். சித்தி கரையில் கிடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த மூன்று இரவுகளுக்காக இன்றுவரை யாரும் சித்தியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.