ஒரு டயட் சார்ட் மட்டும் போதாது

"எடை குறைக்க டயட் சார்ட்டை ஒருமுறை வாங்கினால் போதும், மாதாமாதம் டாக்டரிடம் போவது வீண் செலவு" என்று மேலே ஒருவர் எழுதி, அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வைச் சான்றாகக் காட்டியிருக்கிறார். அந்த ஆய்வு சொல்வது நேர் எதிர்.

2002-ல் முடிவுகள் வெளியான அந்த ஆய்வில் நீரிழிவு வரும் அபாயம் உள்ள 3,234 பேர். வாழ்க்கைமுறைப் பிரிவினருக்கு முதல் 24 வாரங்களில் பயிற்றுநரோடு தனித்தனியாக 16 சந்திப்புகள் இருந்தன. அப்புறமும் மாதந்தோறும் தொடர்பு விடவில்லை. சராசரியாக 5.6 கிலோ குறைந்தார்கள், நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. எழுத்தில் அறிவுரையும் வருடத்துக்கு ஒரு சந்திப்பும், மருந்தில்லாத போலி மாத்திரையும் மட்டும் பெற்றவர்களும் அதில் உண்டு. நீங்கள் சொல்லும் டயட் சார்ட் அதுதான். அவர்கள் சராசரியாகக் குறைத்தது 0.1 கிலோ!

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயமே. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைக் குறைத்து எடையும் இறங்கினால், பழைய டோஸ் அதிகமாகி, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். என் சித்தி ஆறு கிலோ குறைத்த சந்தோஷத்தில் மூன்று மாதம் டாக்டர் பக்கமே போகவில்லை. ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கை நடுங்கி, நைட்டி முழுக்க வியர்த்து, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குளுக்கோமீட்டரில் சர்க்கரை வெறும் 54. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம். அன்றே டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கவனம் வேண்டும்.

செலவுதான் கவலை என்றால், ஒவ்வொரு முறையும் நேரில் போக வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை எடையையும் சர்க்கரை அளவையும் குறித்து, போனில் பேசி மருந்தை மாற்றலாமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். தயவுசெய்து அந்தக் கருத்தைத் திருத்திவிடுங்கள்.