ஓட ஓட செட் ஆகாதுங்க!

கார் இன்ஜின் பேரிங் டப்பாவின் மேல் 020 என்று இருக்கிறது. உள்ளே அரைவட்டமாக எட்டுத் துண்டு. ஆறின் முதுகில் 020. மீதி இரண்டில் 010. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர் சொல்கிறார்: "போட்டு ஓட்டுங்க சார், ஓட ஓட செட் ஆயிடும்."

என்னங்க செட் ஆகும்? செருப்பா அது, கடித்துக் கடித்துக் காலுக்குப் பழக?

அப்பா வாங்கிய 1984 அம்பாசிடர், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டியின் அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறது, விட்டால் குறைகிறது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது என்று கண்டுபிடிக்க ஜோசியமா பார்க்க வேண்டும்? தர்மபுரி வந்ததும் வீட்டுப் புளியமரத்தில் செயின் பிளாக் கட்டி, மச்சானும் நானுமாக இன்ஜினை இறக்கினோம். கிராங்க்கைக் கடைந்து சமப்படுத்த லேத்துக்குக் கொடுத்தேன். "இருபது தௌ எடுத்தாச்சு" என்றார் லேத்துக்காரர். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 020 என்றால் இருபது தௌ. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், ராடுகள் உட்காரும் நாலு பின்னும் அச்சாக இருந்தது. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

கெட்டது பேரிங் கடையில்தான்.

கிராங்க் எவ்வளவு இளைக்கிறதோ, பேரிங் அவ்வளவு தடிக்கணும். புத்தகத்தில் இதற்குப் பெயர் அண்டர்சைஸ், கடையில் ஓவர்சைஸ். எந்தப் பெயரில் கேட்டாலும் "பத்தா, இருபதா?" என்பதில்தான் வந்து நிற்கும். பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே ஆயில் நிற்க ஒன்றரை, இரண்டு தௌ இடம் போதும். ஒரு தலைமுடி நுழையுமா நுழையாதா என்கிற இடம். இதில் பத்து தௌ மாறிப்போனால் செட் ஆகுமாம்!

கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்றையும் 70 பவுண்டு-அடிக்கு முறுக்கி முடித்தேன். ராடு போல்ட்டுக்கு 35. ஒவ்வொரு பின் மேலும் பிளாஸ்டிகேஜ் வைத்துப் பார்த்தேன். மெழுகு மாதிரி ஒரு பச்சை நூல் அது. ராடின் மூடியை முறுக்கிக் கழற்றினால் நசுங்கி நாடாவாகப் படிந்திருக்கும், அகலத்தை அட்டையோடு ஒட்டிப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். ஒன்று, இரண்டு, நான்கு எல்லாம் அழகாக நசுங்கியிருந்தன. மூன்றாவதைக் கழற்றினேன். வைத்த நூல் வைத்தபடி, சேமியா மாதிரி உருண்டையாகப் படுத்திருக்கிறது. ஊதினேன். உருண்டது.

அப்படியே மாட்டியிருந்தால் ஆயில் நிற்காமல் வழிந்து, அடுத்த தொப்பூர் ஏற்றத்தில் ராடு இன்ஜின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

மாட்டுவதற்கு முன்னால் முதுகைப் படித்திருக்கலாமே என்கிறீர்களா? சரி, டப்பாவை நம்பியது என் தப்புதான்.

கடைக்காரர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகில் இருக்கும் 010 அவர் கண்ணில் படவே இல்லை. வழவழப்பான பக்கத்தில் என் விரல் ரேகை மட்டும் பளிச்சென்று பட்டுவிட்டது. "மாட்டிட்டீங்களே சார், இனி ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க." சரி, அந்த ஒரு ஜோடியாவது கொடுங்க என்றேன். "தனியா வராது சார், செட்டாத்தான் வரும்." தனியா வராத ஜோடி என் டப்பாவுக்குள் மட்டும் எப்படி வந்ததாம்? எவனோ ஒருத்தனுக்கு இருபதை உருவிக் கொடுத்துவிட்டு, காலி இடத்தில் பத்தைச் சொருகி வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டால் மனுஷன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வேறு. "தம்பி, பேரிங் பின்னாடி சிகரெட் ஈயத்தாளை மடிச்சு வெச்சு முறுக்கு. நாங்க லாரியே ஓட்டியிருக்கோம்." எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுங்க ஐயா என்றேன். டீ ஆறிவிடும் என்று அவசரமாகக் குடித்தார்.

அப்புறம் ஒரு நாள் லீவு போட்டு, பஸ் ஏறி பெங்களூரில் வண்டி உதிரிபாகம் விற்கும் ஜே.சி. ரோடு போனேன். முழுக் காசு கொடுத்து மறுபடி ஒரு செட். இந்தத் தடவை கல்லா மேலேயே டப்பாவைப் பிரித்து, எட்டுத் துண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பி முதுகைப் படித்தேன். கடைப் பையன் பார்த்துக்கொண்டே இருந்தவன், "என்னண்ணா, முட்டை வாங்கற மாதிரி பாக்கறீங்க" என்று சிரித்தான்.

அழுகின முட்டையை எங்க ஊர் முட்டைக்காரர் மாற்றித் தருவாருப்பா என்றேன்.