கரையேறும் கடைசி 100 மீட்டர்

கடலிலோ ஏரியிலோ நீந்தி, கரையேறி ஓடும் போட்டிகளைப் பற்றி நான் படித்த கட்டுரை, நீச்சலின் முடிவில் இடுப்பளவு தண்ணீர் வந்ததுமே எழுந்து ஓடச் சொல்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த ஆழத்தில் ஓடுவது நீந்துவதைவிட மெதுவு, மூச்சும் எகிறிவிடும். கை வீசும்போது விரல்கள் இரண்டு மூன்று முறை தரையைத் தட்டும்வரை நீந்திவிட்டு எழுங்கள். கடைசி 100 மீட்டரில் கால்களைச் சற்று வேகமாக உதைத்தால் காலுக்கு ரத்தம் இறங்கும், எழுந்ததும் தலைசுற்றுவது குறையும். பாதத்தை விறைப்பாக நீட்டி உதைத்தால் மட்டும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்; கணுக்கால் தளர்வாக இருக்கட்டும்.

நீந்தும்போது திசை பார்ப்பது பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. 6 முதல் 10 கைவீச்சுக்கு ஒருமுறை, கண்கள் மட்டும் நீருக்கு மேலே வரும்படி முதலை மாதிரி எட்டிப் பாருங்கள். முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்து வேகம் போய்விடும். பாதையைக் காட்டும் மிதவை அலையில் மறையும் என்பதால், அதற்குப் பின்னால் தெரியும் உயரமான மரத்தையோ கட்டடத்தையோ முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் கண்ணாடியின் பட்டை தொப்பிக்கு அடியில் போக வேண்டும். தொடக்க நெரிசலில் யார் கை பட்டாலும் கழன்று போகாது. கரையேறியதும் மாட்டும் ஷூவுக்கு, முடிச்சுப் போடத் தேவையில்லாத எலாஸ்டிக் லேஸ் போதும். ஈரப் பாதத்தில் மணலோடு ஓடினால் கொப்புளம் வரும், ஆகவே கால் துடைக்க ஒரு சின்னத் துண்டை ஷூவின் மேலேயே போட்டுவையுங்கள்.