பட்டனைக் கற்றுத்தர வேண்டாம், கால் போகும் வழியில் விளக்கு வையுங்கள்

டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ள பெரியவருக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள் என்பதே என் கருத்து. இந்த நோயில் பெரும்பாலும் முதலில் போவது புதிதாகக் கற்றுக்கொள்ளும் திறன். "அவசரம்னா இதை அழுத்துங்கப்பா" என்று காலையில் காட்டிக்கொடுத்தது மத்தியானம் நினைவில் இருக்காது. கழற்றி வைத்த வாட்சை யார் சார்ஜ் போடுவது என்பது தனிக்கதை. ஆனால் இருட்டில் வெளிச்சம் தெரிந்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

அதனால் முதல் வேலை, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை உள்ள வழி. கடையில் சுமார் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹெச்.சி.-எஸ்.ஆர்.501 போதும், உடம்புச் சூடு நகர்வதைக் கண்டு விளக்கை எரிய வைக்கும் சென்சார் அது. அதைச் சுவரில் உயரமாக மாட்டினால் புரண்டு படுத்தாலே விளக்கு எரியும், தூக்கம் கெடும். கட்டில் சட்டத்துக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கட்டிலின் நீளவாக்கில் பார்க்கும்படி பொருத்துங்கள். அப்போது கீழே வைத்த கால் குறுக்கே நகரும். நேராக எதிரே வரும் அசைவைவிடக் குறுக்கு அசைவுதான் இந்த சென்சாருக்கு நன்றாகத் தெரியும். விளக்கு மஞ்சளாக, 2700 கெல்வின் அளவில், முழங்காலுக்குக் கீழே, கண்ணில் குத்தாமல் இருக்கட்டும்.

பாத்ரூம் விளக்கை மட்டும் சென்சாரில் விடவே விடாதீர்கள். கமோடில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதற்குத் தெரிய மாட்டார். விளக்கு எரியும் நேரத்தை வைக்கும் திருகை முழுதாகத் திருப்பினாலும் சுமார் ஐந்து நிமிடம்தான் எரியும். திடீரென்று இருட்டானதும் பதறி எழுவார், விழுவார். அங்கே ஒரு சின்ன பல்ப் ராத்திரி முழுக்க எரியட்டும், கரண்ட் பில் ஒன்றும் ஏறிவிடாது.

கோடை ராத்திரியில் அறைச் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும்போது சென்சார் ஏமாற்றும். மே மாதத்தில் ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். கரண்ட் போய் வந்தால் அது நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் ஆகும், அதனால் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

வெள்ளை டைல்ஸில் வெள்ளைக் கமோடு அவர்கள் கண்ணுக்கு எடுபடாது. நீல சீட் மாற்றினால் உட்காரும் இடம் தெரியும். வாசலில் கறுப்புக் கால்மிதி பள்ளம் மாதிரித் தோன்றும். தாண்டப் போய்த் தடுக்கும், எடுத்துவிடுங்கள்.

வாசல் கதவு திறந்தால் மணி அடிக்கும் காந்த சென்சார் வைத்தால், அந்த மணி பெரியவரைப் பார்த்துக்கொள்பவரின் அறையில் அடிக்க வேண்டும். கதவருகே அடித்தால் பெரியவர் மிரண்டு இன்னும் வேகமாக வெளியே போவார். வெளியே பூட்டிவிட்டுப் போவது தீர்வே அல்ல. தீ பிடித்தால் யார் திறப்பது?

கேஸ் கசிவு காட்டும் கருவியை உத்தரத்தில் மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். கருவி தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவாக இருந்தால் நேர்மாறு, அது மேலே ஏறும். எதுவானாலும் மணிச்சத்தம் கேட்டுப் பெரியவர் வந்து அடுப்பை அணைப்பார் என்று நம்பாதீர்கள். வால்வைத் தானே மூடும் அமைப்பு வேண்டும், இல்லையென்றால் சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை நீங்கள் மூட வேண்டும்.

கரண்டே வேண்டாத கருவியும் உண்டு. 2004இல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வில், டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் முற்றிய சிலருக்கு அழுத்தமான சிவப்புத் தட்டும் டம்ளரும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளைத் தட்டில் சாப்பிட்டதைவிட உணவு 25 சதவீதமும், குடித்தது 84 சதவீதமும் கூடியது. அழுத்தமான நீலமும் பலித்தது, வெளிர் நிறங்கள் பலிக்கவில்லை. நம் வீட்டு எவர்சில்வர் தட்டு பளபளத்துக் கண்ணைக் கூச வைக்கும், வெள்ளைப் பீங்கானில் தயிர்சாதம் இருப்பதே தெரியாது. சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார் என்று முடிவு கட்டும் முன், தட்டை மாற்றிப் பாருங்கள்.