ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் கணக்கில் வராது என்பது தவறு

கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோரிடையே, "ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் பார்ப்பதில்லை, பள்ளிச் சான்றிதழுக்கு வேண்டிய பாடங்களை முடித்தால் போதும்" என்ற கூற்று உலவுகிறது. இதை நம்பித் திட்டமிட்டால் பிள்ளைதான் பாதிக்கப்படும் என்பதால் விளக்கம் தேவைப்படுகிறது.

கூற்றின் முதல் பகுதி ஓர் அரை உண்மையிலிருந்து பிறந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மதிப்பெண் சராசரியைக் கணக்கிடும்போது பத்தாம், பதினோராம் வகுப்புத் தரங்களையே சேர்க்கிறது என்பது மெய்தான். ஆனால் சேர்க்கைக்குக் கட்டாயமான 15 ஓராண்டுப் பாடங்களில் ஒன்பதாம் வகுப்பில் படிப்பவையும் அடங்கும். அவற்றில் 'சி' தரமாவது பெற வேண்டும். கணிதத்திலும் அயல்மொழியிலும் (ஆங்கிலம் அல்லாத மொழி) அடுத்த நிலைப் பாடத்தில் நல்ல தரம் பெற்று முந்தைய குறையை ஈடுகட்ட வழி உண்டு. ஆங்கிலத்துக்கு அந்த வழி இல்லை, பொதுவாகத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் பகுதி முழுவதும் தவறு. மாநிலச் சட்டம் சான்றிதழுக்குக் குறைந்தது மூன்றாண்டு ஆங்கிலமும் ஈராண்டு கணிதமும் கேட்கிறது. பல்கலைக்கழகமோ நான்காண்டு ஆங்கிலம், மூன்றாண்டு கணிதம், ஈராண்டு அயல்மொழி ஆகியவற்றைக் கேட்கிறது. உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டங்கள் சட்டத்தைவிடக் கூடுதலாகவும் விதிக்கலாம். பெரிதும் தவறவிடப்படுவது அயல்மொழிதான் என்று கருதுகிறேன், ஏனெனில் சட்டம் அதைத் தனிக் கட்டாயமாக வைக்கவில்லை. மேலும், 15 பாடங்களில் 11-ஐப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும்.