மறுநாளே பைக் ஓட்டலாம் என்பது எல்லோருக்கும் பொருந்தாது

தம்பி, கண்ணாடி போடாமல் பார்க்கச் செய்யும் கண் லேசர் சிகிச்சை பற்றி, "லேசர் எதுவானாலும் ஒன்றுதான், மறுநாளே பைக் எடுத்துட்டு வேலைக்குப் போகலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் லேசிக் என்ற முறையில் செய்த பலருக்கு மறுநாளே பார்வை ஓரளவு தெளிந்துவிடும், அது உண்மை. ஆனால் பி.ஆர்.கே. என்ற இன்னொரு லேசர் முறை அப்படியில்லை.

லேசிக்கில் கருவிழியின் மேல்பகுதியை மெல்லிய மூடிபோல் வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் சீராக்கி, மறுபடி மூடிவிடுவார்கள். பி.ஆர்.கே.யில் மூடி கிடையாது. மேல்தோலையே அகற்றிவிடுவார்கள், அது புதிதாக வளர வேண்டும். கருவிழி மெலிந்தவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கும் அதுதான்.

முதல் மூன்று நாள் கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல உறுத்தல். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, இருட்டறையில் கண்ணீர் வடிய படுத்திருந்தேன். மேல்தோல் வளரும்வரை கண்மேல் வைத்திருந்த காப்பு லென்ஸை ஐந்தாம் நாள்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் போன் எழுத்து இரட்டையாகத் தெரிந்தது. பார்வை நிலைக்கச் சில வாரம் ஆனது. இது கோளாறு அல்ல, இந்த முறையின் இயல்பே இதுதான்.

வலி போனதும் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு சொட்டை மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்தச் சொட்டால் கண் அழுத்தம் கூடலாம் என்பதால், கண் நன்றாக இருந்தாலும் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும்.

உங்கள் வரியை நம்பி யாராவது ஒரே நாள் லீவு போட்டு பி.ஆர்.கே.க்குப் போனால் ரொம்பவே தவித்துப்போவார்கள். தயவுசெய்து அதைத் திருத்துங்கள்.