அழைப்புக் கடிதம் கேட்பவரின் நாட்டைப் பார்க்காதீர்கள், ஆட்டத்தைப் பாருங்கள்

மட்டக்களப்பில் வெளிநாட்டவரும் ஆடக்கூடிய, உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் ரேட்டிங்கில் (வீரரின் தரப் புள்ளியில்) சேரும் செஸ் சுற்றுப்போட்டி வைப்போம் என்று பேச்செடுத்தால், மண்டபம், அனுசரணை, பரிசுப் பணம் எல்லாவற்றையும் தாண்டி ஓர் இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. வீசாவுக்கு அழைப்புக் கடிதம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை என்ன செய்வது? கடிதத்தைச் சாட்டாக வைத்து வீசா எடுத்துவிட்டு, ஆட வராதவர்களும் கேட்பார்களே. "ஆபிரிக்காப் பக்கம் இருந்து வந்தா பதில் போடாதீங்க தம்பி, கரைச்சல்" என்கிறார் ஒருவர். "காசு கட்டினா கடிதத்தைக் குடுத்துட்டுப் போங்க, மிச்சத்தை எம்பசி பாத்துக்கொள்ளும்" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே பிழை. முதலாவது பெரிய பிழை.

அந்த மின்னஞ்சலை அனுப்புகிறவரின் நிலையில்தான் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு சுற்றுப்போட்டிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அங்குள்ள ஏற்பாட்டாளரிடம் கடிதம் கேட்க வேண்டும். அப்புறம் கைவிரல் அடையாளம் கொடுக்க இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டும். 2024 ஜூனிலிருந்து ஷெங்கன் வீசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. வீசா மறுக்கப்பட்டால் அந்தக் காசு திரும்பி வராது. முடிவு வர வழக்கமாக 15 நாள், சிலவேளை 45 நாள் வரை இழுக்கும். இந்தக் கணக்கில், ஏற்பாட்டாளர் இரண்டு கிழமை பதில் போடாமல் இருந்தாலே பிள்ளையின் வாய்ப்பு போய்விடும்.

நம் கடவுச்சீட்டைக் கண்டால் அங்குள்ள ஏற்பாட்டாளர்கள் யோசிக்கக் காரணமும் இருக்கிறது. 2004-ல் இலங்கையின் தேசிய ஹேண்ட்போல் அணி என்று சொல்லிக்கொண்டு ஜெர்மனிக்குப் போன 23 பேர் அங்கே காணாமல் போனார்கள். அப்படியொரு தேசிய அணியே அப்போது இலங்கையில் இருக்கவில்லை. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிக்குப் போன நம் குழுவிலிருந்தும் சிலர் மாயமானார்கள். அவர்கள் செய்ததற்கான சந்தேகத்தை இன்று களுவாஞ்சிக்குடியில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பயிற்சி எடுக்கிற பிள்ளை சுமக்கிறது. இந்த வலி தெரிந்த நாமே நைஜீரியா, கானா என்ற பெயரைக் கண்டவுடன் மின்னஞ்சலை அழித்தால் அது என்ன நியாயம்? 2024 ஏப்ரலில் நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் 60 மணித்தியாலம் தொடர்ந்து செஸ் ஆடி, ஆபிரிக்கப் பிள்ளைகளின் படிப்புக்கு நிதி திரட்டிய துண்டே ஒனகோயா நைஜீரியர்தான்.

சரி, உண்மையான வீரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மற்ற விளையாட்டுகளை விட செஸ்ஸில் இது லேசு. ஃபிடே இலக்கத்தைக் கேளுங்கள். அதை ஃபிடேயின் ரேட்டிங் தளத்தில் போட்டால் பெயர், நாடு, பிறந்த ஆண்டு, ரேட்டிங், எந்த மாதத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பது வரை யாரும் பார்க்கலாம். பல வருடங்களாக ஆடி, ரேட்டிங் ஏறி இறங்கி வந்த ஒருவரின் பக்கத்தை யாரும் ஒரு நாளில் பொய்யாக உருவாக்க முடியாது. கடவுச்சீட்டிலுள்ள பெயரும் பிறந்த ஆண்டும் அதோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

ரேட்டிங் இல்லாத புதியவர்களும் கேட்பார்கள். அவர்களையும் தள்ளிவிடக் கூடாது. அவருடைய நாட்டுச் சம்மேளனத்திடமிருந்து உறுதிப்படுத்தல் கேளுங்கள். ஆனால் சம்மேளனத்தின் முகவரியை அவரிடமே வாங்காமல், ஃபிடே தளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதுங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. செஸ் ஆடுகிறவர் எத்தனை சுற்று, நேரக் கட்டுப்பாடு என்ன, முதல் சுற்றுக்குப் பிந்தி வந்தால் ஆடாமலே கொடுக்கும் அரைப் புள்ளி ('பை') கிடைக்குமா என்றெல்லாம் குடைவார். காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரின் ஆட்கள் இதில் ஒன்றையும் கேட்க மாட்டார்கள், கடிதம் எப்போது வரும் என்பதை மட்டும் கேட்பார்கள். ஒரு பிள்ளையோடு நான்கு 'பயிற்சியாளர்கள்' வருவதாக எழுதியிருந்தால் பிள்ளைக்கும் கூட வரும் தாய்க்கோ தகப்பனுக்கோ கடிதம் கொடுங்கள். மற்றவர்களுக்குச் சம்மேளனம் பொறுப்பெடுத்து எழுதட்டும்.

கடிதத்தை எழுதும்போது நம் கிராம சேவகர் வதிவிடச் சான்றிதழ் கொடுக்கும் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுவார், பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவார். நாமும் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், எந்தப் பிரிவில் ஆடுகிறார், திகதி, மண்டபம், தங்குமிடச் செலவு யாருடையது என்பதோடு நிறுத்த வேண்டும். அறை வாடகை அவருடையது என்றால் அப்படியே எழுத வேண்டும். "இவர் கட்டாயம் திரும்பிப் போவார்" என்று நாம் எப்படி உறுதி சொல்வது? கீழே போடும் தொலைபேசி இலக்கத்தை யாராவது எடுக்க வேண்டும். தூதரகம் அழைத்து மணி அடித்தபடியே இருந்தால் கடிதத்தால் பயனில்லை.

கடவுச்சீட்டுப் படத்தை வட்ஸ்அப் குழுமத்தில் போட்டு "இவரை யாருக்கும் தெரியுமா" என்று கேட்பதைக் கண்டிருக்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். நம் பிள்ளையின் கடவுச்சீட்டு இன்னொரு நாட்டின் குழுமத்தில் சுற்றினால் பொறுப்போமா? ஒருவர் பார்த்தால் போதும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

பெரும்பாலான நாட்டவர்கள் இணையத்தில் ஈ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி எடுத்தால் இலங்கைக்கு வரலாம். சுற்றுலா ஈ.டி.ஏ.யில் விளையாட்டுப் போட்டியில் கலந்துகொள்வதும் அடங்கும். கடிதம் இல்லாமல் நகரவே முடியாதவர்கள் முன்கூட்டியே வீசா எடுக்க வேண்டிய சில நாட்டவர்கள்தான். ஆகவே இது மலை போன்ற வேலை இல்லை.

கவனமில்லாமல் கடிதம் கொடுத்தால் அடி விழுவது நம் பிள்ளைகளுக்கு. பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் வரமாட்டார். வாகரையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த பிள்ளை முதல் சுற்றில் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புள்ளி கிடைக்கும், ஆனால் ஆடாத ஆட்டம் ரேட்டிங்கில் சேராது. வெளிநாட்டவர்களில், முந்திய நாள் மாலை நேரில் வந்து பதிந்தவர்களை மட்டும் முதல் சுற்றுக்குச் சோடி சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

வெளிநாட்டவர் வந்தால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சர்வதேச மாஸ்டர் பட்டத்துக்கான நோர்முக்கு (பட்டம் பெற ஒரு போட்டியில் காட்ட வேண்டிய தகுதிப் பெறுபேற்றுக்கு), ஒருவர் சந்திக்கும் எதிராளிகளில் பொதுவாகத் தன் நாடு தவிர இன்னும் இரண்டு நாட்டுச் சம்மேளனங்களைச் சேர்ந்தவர்களாவது இருக்க வேண்டும். அவர்கள் இங்கே வராவிட்டால் நம் பிள்ளைகள்தான் நோர்ம் தேடி வீசா வரிசையில் நிற்க வேண்டும்.

காசு விடயத்தில் என் நிலைப்பாடு இதுதான். பதிவுக் கட்டணம் கட்டியவருக்கே கடிதம் கொடுக்கலாம். கடிதத்துக்கென்று தனியாக ஒரு சதமும் வாங்கக் கூடாது. வீசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தின் பிரதியை அனுப்பியதும் கட்டணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடிதம் கேட்பதற்கான கடைசித் திகதியையும் இந்த விதியையும் சுற்றுப்போட்டி அறிவித்தலிலேயே போட்டுவிடுவோம்.